முதல் கப்பல் சுற்றுலாவுக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணிகள் கப்பல் ஒன்றின் விருந்தினர் சேவை மேசையில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, ஒவ்வொரு பயணத்தின் முதல் நாளிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் பயணிகள் என்னிடம் கேட்டு வந்தார்கள். கேட்பதற்குத் தயங்கி அப்படியே நகர்ந்துவிட்டவர்கள் அதைவிட அதிகம். கப்பலில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை தெரியாமல் போனாலும் சிறு குழப்பத்தோடு முடிந்துவிடும். ஆனால் நேரத்தையும் பாதுகாப்பையும் குறிக்கும் சில சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் கப்பலில் ஏறவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேபின் என்கிறார்கள், ஸ்டேட்ரூம் என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அறைகளா?

இரண்டும் நீங்கள் தங்கும் அறையைத்தான் குறிக்கின்றன. கவனிக்க வேண்டியது அதற்கு முன்னால் வரும் சொல்லை. 'இன்சைடு' என்றால் கப்பலின் உட்பகுதியில் உள்ள, சன்னல் இல்லாத அறை. 'ஓஷன்வியூ' என்றால் திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் உள்ள அறை. 'பால்கனி' பெயரிலேயே விளங்கும். 'சூட்' என்பது கூடுதல் இடமும் சலுகைகளும் கொண்ட பெரிய அறை. இன்சைடு அறையில் விளக்கை அணைத்துவிட்டால் பகலா இரவா என்று தெரியாது. ஆழ்ந்து தூங்க விரும்புவோருக்கு அது வசதிதான், காலையில் எழுவதற்கு மட்டும் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்யும் இடத்தில் இன்னும் இரண்டு சொற்கள் கண்ணில் படும். 'அப்ஸ்ட்ரக்டட் வியூ' என்றால் சன்னலுக்கு வெளியே பார்வையை ஏதோ ஒன்று மறைக்கும் என்று பொருள். பெரும்பாலும் அது தொங்கவிடப்பட்டிருக்கும் உயிர்காப்புப் படகாக இருக்கும். 'கியாரண்டி கேபின்' என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதில் அறையின் வகைக்கு மட்டுமே உறுதி உண்டு, எந்தத் தளத்தில் எந்த எண் என்பதை நிறுவனம் பின்னர் தன் விருப்பப்படி ஒதுக்கும். விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். முதியவர்களை அழைத்துச் செல்வோரும், அலையாட்டத்தில் தலைசுற்றல் வருவோரும் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் அறை எண்ணைத் தாமே தேர்ந்தெடுப்பது நல்லது.

'டபுள் ஆக்குபன்சி' என்று போட்டிருக்கிறது. அந்தத் தொகை அறைக்கா, ஆளுக்கா?

ஆளுக்குத்தான். ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்று வைத்துக்கொண்டு, அந்த இருவரில் ஒருவருக்கான தொகையை அங்கே குறிப்பிடுகிறார்கள். ஆகவே இருவர் சென்றால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். தனியாகச் செல்பவரிடம் காலியாக இருக்கும் இரண்டாவது இடத்துக்கும் ஈடாக வாங்கும் கூடுதல் தொகைக்கு 'சிங்கிள் சப்ளிமெண்ட்' என்று பெயர், சில பயணங்களில் இருவருக்கான முழுத் தொகையையே ஒருவர் கட்ட வேண்டியிருக்கும். துறைமுகக் கட்டணமும் வரிகளும் அந்தத் தொகையில் அடங்கியுள்ளனவா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

போர்ட், ஸ்டார்போர்ட் என்கிறார்களே, இடது, வலது என்று சொன்னால் ஆகாதா?

ஆகாது, ஏனென்றால் இடமும் வலமும் நிற்பவரைப் பொறுத்து மாறும், கப்பலின் பக்கங்கள் மாறா. கப்பலின் முன்முனையை நோக்கி நிற்கும்போது இடக்கைப் பக்கம் 'போர்ட்', வலக்கைப் பக்கம் 'ஸ்டார்போர்ட்'. நீங்கள் பின்புறம் திரும்பி நின்றாலும் போர்ட் போர்ட்டாகவே இருக்கும். இரவில் போர்ட் பக்கத்தில் சிவப்பு விளக்கும் ஸ்டார்போர்ட் பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும்.

நடுவில் சுக்கான் பொருத்தும் வழக்கம் வருவதற்கு முன், வட ஐரோப்பியப் படகுகளைத் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கத்தில்தான் இருந்தது. திசைதிருப்பும் பக்கம் என்ற பொருளில் வந்ததே ஸ்டார்போர்ட். அந்தத் துடுப்பு நசுங்காதிருக்க மறுபக்கத்தைத் துறைமுகக் கரையோடு அணைத்து நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துக்கு முன்னர் 'லார்போர்ட்' என்ற பெயர் இருந்தது. காற்றிரைச்சலில் இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் ஒலித்துக் குழப்பியதால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என ஆணையிட்டது.

முன்பக்கம், பின்பக்கத்துக்கும் தனிப் பெயர் உண்டா? தலைசுற்றல் வராமலிருக்க எங்கே அறை எடுப்பது?

உண்டு. நம் கடலோர மக்கள் அணியம் என்று சொல்லும் முன்முனைக்கு 'பௌ' என்றும், பின்முனைக்கு 'ஸ்டெர்ன்' என்றும் பெயர். முன்பக்கமாக என்பதற்கு 'ஃபார்வர்டு', பின்பக்கமாக என்பதற்கு 'ஆஃப்ட்', நடுப்பகுதிக்கு 'மிட்ஷிப்'. லிஃப்டுகளின் அருகிலும் தள வரைபடத்திலும் இவையே எழுதியிருக்கும் என்பதால், உங்கள் அறை எந்த லிஃப்டுக்கு அருகில் என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால் நீண்ட நடைவழிகளில் தேவையற்ற நடை மிச்சமாகும்.

கப்பல் ஓர் ஏற்றப் பலகையைப் போல ஆடுகிறது. நடுவில் அமர்ந்திருப்பவர் குறைவாகவும் முனையில் இருப்பவர் அதிகமாகவும் ஏறி இறங்குவார்கள், உயரம் கூடக்கூட பக்கவாட்டு ஆட்டமும் கூடுதலாகத் தெரியும். எனவே தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மிட்ஷிப்பில் தாழ்வான தளமே ஏற்றது. முன்னும் பின்னுமான ஆட்டத்துக்கு 'பிட்ச்' என்றும் பக்கவாட்டு ஆட்டத்துக்கு 'ரோல்' என்றும் பெயர். நீருக்கடியில் இறக்கைபோல் நீட்டப்படும் 'ஸ்டெபிலைசர்' ரோலைத்தான் தணிக்கும், பிட்சை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மாடிகளுக்கெல்லாம் எண் இருக்கும்போது லிடோ டெக், ப்ரோமனாட் டெக் என்று ஏன் பெயர்?

டெக் என்றால் தளம். நீச்சல் குளமும் தாமே எடுத்துச் சாப்பிடும் உணவகமும் இருக்கும் திறந்த மேல்தளத்தை லிடோ என்றும், கப்பலைச் சுற்றி நடக்க வழி உள்ள தளத்தை ப்ரோமனாட் என்றும் அழைப்பது பழைய வழக்கம். எண்ணை நினைவில் வைத்திருந்தாலே போதும். பல கப்பல்களில் 13-ஆம் தளம் இருப்பதில்லை, 12-க்கு அடுத்து 14 வந்துவிடும்.

ஏறும் நாளில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களே, அது சரியா?

சரிதான், கவலை வேண்டாம். ஏறும் நிகழ்வுக்கு 'எம்பார்கேஷன்' என்று பெயர். அறை எண் அச்சிட்ட 'லக்கேஜ் டேக்' கட்டிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கி, சோதனைக்குப் பின் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு மாலையோ இரவோகூட ஆகலாம். ஆகையால் பாஸ்போர்ட், மருந்துகள், கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பதிவு வரிசையில் கண்கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தீ அபாயம் கருதி துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள், பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கப்பலையும் கரையையும் இணைக்கும் நடைபாலத்துக்கு 'கேங்வே' என்று பெயர். ஏறும்போதும் இறங்கும்போதும், அறைக் கதவைத் திறக்கும் உங்கள் அட்டையை அங்கே காட்டினால் 'டிங்' என்று ஓர் ஒலி வரும். யார் கப்பலில் இருக்கிறார்கள், யார் வெளியே இருக்கிறார்கள் என்பது அந்த ஒலியோடுதான் பதிவாகிறது. பின்னால் வரும் பதில்களுக்கு இது தேவைப்படும்.

மஸ்டர் டிரில் என்பது என்ன? அதைத் தவிர்த்துவிட்டால் என்ன ஆகும்?

தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வேலையிடங்களில் வருகைப் பதிவேட்டை மஸ்டர் ரோல் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆட்களைத் திரட்டிக் கணக்கெடுக்கும் அதே பொருளில்தான் இங்கும் அந்தச் சொல் வருகிறது. ஆபத்து நேர்ந்தால் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் 'மஸ்டர் ஸ்டேஷன்'. அதன் எழுத்தோ எண்ணோ உங்கள் அட்டையிலும் அறைக் கதவின் உட்புறத்திலும் இருக்கும். அபாய அறிவிப்பு என்பது ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் ஆகும். அந்த ஒலியை அடையாளம் காணவும், அந்த இடத்துக்கு நடந்து போகவும், உயிர்காப்பு அங்கியை அணியவும் பழக்குவதே இந்த ஒத்திகை.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் உயிரிழந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை, ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இருந்தது. அதன் பிறகு, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான 'சோலாஸ்' திருத்தப்பட்டு, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்பது 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று பல கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டு மஸ்டர் ஸ்டேஷனுக்குச் சென்று அட்டையைக் காட்டினால் போதும். காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போர் உண்டு. குறைந்தது உங்கள் அறையிலிருந்து லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.

'ஷிப் டைம்' என்று தனியாக ஒரு நேரம் உண்டா?

உண்டு, பயணிகள் அதிகம் சிக்கிக்கொள்வதும் இதில்தான். கப்பல் தனக்கென ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அதன்படி இயங்கும். இறங்கும் ஊரின் நேரம் அதிலிருந்து ஒரு மணி முன்னதாகவோ பின்னதாகவோ இருக்கலாம். கரையில் கால் வைத்ததும் உங்கள் கைபேசி அந்த ஊர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும், கப்பலின் நேரமோ கப்பலே அறிவித்தாலொழிய மாறாது. 'ஆல் அபோர்ட்' என்று அறிவிக்கப்படுவது எல்லோரும் கப்பலுக்குள் வந்திருக்க வேண்டிய நேரம், புறப்படும் நேரம் அதற்குச் சற்றுப் பிந்தியது. அதுவும் கப்பல் நேரப்படியே கணக்கிடப்படும்.

ஒரு மாலை, ஆல் அபோர்ட் நேரம் கடந்த பிறகும் கேங்வே பதிவில் இரண்டு பெயர்கள் வெளியே இருப்பதாகவே காட்டின. அறைக்கு அழைத்தோம், ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னோம், பதில் இல்லை. பாதுகாப்பு அலுவலருடன் சென்று அவர்கள் அறையின் பெட்டகத்தைத் திறந்து, இரண்டு பாஸ்போர்ட்டுகளை உறையிலிட்டு, கரையில் கப்பலின் சார்பாகச் செயல்படும் 'போர்ட் ஏஜென்ட்' கையில் கொடுத்தோம். கயிறுகளை அவிழ்த்துக் கப்பல் கரையை விட்டு ஒரு பத்தடி நகர்ந்திருந்தபோது அந்தத் தம்பதியர் துறைமேடையில் ஓடி வந்தார்கள். அவர்கள் கைபேசியில் இன்னும் ஒரு மணி நேரம் மீதம் இருந்தது. ஒரு சாதாரண கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து, கப்பலே நேரத்தை மாற்றி அறிவித்தாலொழியத் தொடாமல் இருங்கள்.

ஊர் சுற்றிப்பார்க்கக் கப்பலிலேயே பதிவு செய்ய வேண்டுமா? வெளியில் மலிவாகக் கிடைக்கிறதே.

'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்பது கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் கரைச் சுற்றுலா. பொதுவாக அதன் விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இயலாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். நீங்களாகச் செல்லும்போது அந்தப் பொறுப்பு உங்களுடையது, மேலே சொன்ன தம்பதியர் அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவிலேயே வர வேண்டியிருந்தது.

துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பவற்றைத் தாமாகவே பார்க்கலாம் என்பதும், இரண்டு மூன்று மணி நேரச் சாலைப் பயணம் தேவைப்படும் இடங்களுக்குக் கப்பலின் ஏற்பாட்டிலேயே போகலாம் என்பதும் நான் எல்லோருக்கும் சொல்லி வந்த யோசனை.

துறைமுகத்துக்கு வந்துவிட்டோம் என்கிறார்கள், ஆனால் கப்பல் நடுக்கடலில் நிற்கிறதே?

அது 'டெண்டர்' துறைமுகம். ஒப்பந்தப்புள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆழம் போதாமலோ இடம் இல்லாமலோ கப்பல் கரையை ஒட்ட முடியாத ஊர்களில், சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்ப்பார்கள். அந்தப் படகே டெண்டர், பெரும்பாலும் கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் சிலவே இதற்குப் பயன்படும். கரையை ஒட்டி நின்றால் 'டாக்' என்று பயணத்திட்டத்தில் இருக்கும்.

டெண்டர் என்று இருந்தால் வரிசை எண் சீட்டு வாங்க வேண்டும், கடைசி டெண்டர் புறப்படும் நேரம் ஆல் அபோர்ட்டை விட முக்கியமாகிவிடும். அலை அதிகமாக இருந்தால் அந்த ஊர் முழுதாகவே கைவிடப்படலாம். சக்கர நாற்காலியில் செல்வோர் இத்தகைய துறைமுகங்கள் எத்தனை என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டறிய வேண்டும், ஆடும் படகில் அவர்களை ஏற்ற எல்லாக் கப்பல்களிலும் வசதி இருப்பதில்லை.

'ஸீ டே' அன்று கடைகள் திறந்திருக்கின்றன, ஊருக்குப் போனால் மூடிவிடுகிறார்கள். ஏன்?

எந்த ஊரையும் தொடாமல் முழுதும் கடலில் செல்லும் நாள் ஸீ டே, இடையில் தொடும் ஊர் 'போர்ட் ஆஃப் கால்'. வரியில்லாக் கடைகளும் சூதாட்ட அரங்கும் கப்பல் ஒரு நாட்டின் துறைமுகத்தில் நிற்கும்போது அந்நாட்டின் சுங்க, வரிச் சட்டங்களுக்கு உட்படும் என்பதால் பெரும்பாலும் மூடப்படும்.

எதற்கு யாரைக் கேட்பது? பர்சர், ஸ்டூவர்டு, மேட்ர டி என்று பல பெயர் இருக்கிறதே.

உங்கள் அறையைக் கவனிப்பவர் ஸ்டூவர்டு. கணக்கு, புகார், தொலைந்த பொருள் ஆகியவற்றுக்கு விருந்தினர் சேவை மேசை, அதன் பழைய பெயரே பர்சர் அலுவலகம். உணவு மேசை ஒதுக்கீட்டுக்கும், ஒவ்வாமை போன்ற உணவுக் கட்டுப்பாடுகளைச் சொல்வதற்கும் உணவுக்கூடத் தலைவரான மேட்ர டி. நிகழ்ச்சிகளை நடத்துபவர் 'குரூஸ் டைரக்டர்'. கப்பலைச் செலுத்தும் அறைக்கு 'பிரிட்ஜ்' என்றும் சமையலறைக்கு 'கேலி' என்றும் பெயர்.

உணவைப் பற்றி ஒன்று: 'ஃபர்ஸ்ட் ஸீட்டிங்', 'செகண்ட் ஸீட்டிங்' என்றால் இரவு உணவு இரண்டு பந்திகளாக நடக்கிறது என்று பொருள். 'ஸ்பெஷாலிட்டி' உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கப்பலில் பணமே வாங்குவதில்லை என்றார்கள். கடைசியில் பெரிய தொகை வந்துவிடுமா?

பார்க்காமல் இருந்தால் வரும். அறைக் கதவைத் திறக்கும் அட்டையே கப்பலுக்குள் பணமாகவும் பயன்படுகிறது, வாங்குவதெல்லாம் உங்கள் 'ஃபோலியோ' என்னும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். 'கிராஜுவிட்டி' என்பது பணியாளர்களுக்கான அன்பளிப்புத் தொகை. பல நிறுவனங்களில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று குழந்தைகளுக்கும் சேர்த்துத் தானாகவே ஏறும். இது பயணக் கட்டணத்தில் அடங்கியுள்ளதா என்று முன்பே கேளுங்கள்.

கணக்கோடு டெபிட் அட்டையை இணைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கப்பல் அவ்வப்போது உங்கள் வங்கியிடம் ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்தி வைக்கச் சொல்லும், அது பயணம் முடிந்தும் சில நாட்கள் விடுவிக்கப்படாமல் இருக்கலாம். வீடு திரும்பும் செலவுக்கான பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் கையைப் பிசைய வேண்டியதாகிவிடும். கடன் அட்டையையோ ரொக்க வைப்பையோ தேர்ந்தெடுங்கள். ஃபோலியோவை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள், தவறு இருந்தால் அன்றே சொல்லிவிட்டால் எளிதில் சரிசெய்யப்படும்.

'நாட்' என்றால் எவ்வளவு வேகம்? 'கிராஸ் டன்னேஜ்' என்பது கப்பலின் எடையா?

மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர் என்பதே ஒரு நாட். 20 நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். பாய்மரக் கப்பல்களில் முடிச்சுகள் போட்ட கயிற்றைப் பின்னால் விட்டு, மணற்கடிகாரம் வடியும் நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கையை விட்டுப் போகின்றன என்று எண்ணினார்கள், அந்த முடிச்சே அளவின் பெயராக நிலைத்துவிட்டது.

கிராஸ் டன்னேஜ் எடையைக் குறிப்பதில்லை. அது கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் கன அளவிலிருந்து, 1969-ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஒப்பந்தத்தின் சூத்திரப்படி கணக்கிடப்படும் எண். 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி ஸீஸ் கப்பலுக்கு இது 248,663. இந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது 'ஸ்பேஸ் ரேஷியோ', நெரிசல் பிடிக்காதவர்கள் இரண்டு கப்பல்களை ஒப்பிட இது உதவும்.

ஒலிபெருக்கியில் 'பிராவோ', 'ஆஸ்கர்' என்று அறிவித்தால் பயப்பட வேண்டுமா?

அவை பணியாளர்களுக்கான குறிச்சொற்கள். பல நிறுவனங்களில் பிராவோ தீயையும், ஆல்ஃபா மருத்துவ உதவியையும், ஆஸ்கர் ஒருவர் கடலில் விழுந்ததையும் குறிக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதும் உண்டு. நீங்கள் நடைவழியை விட்டு ஒதுங்கி நின்றால் போதும். ஏழு குறுகிய, ஒரு நீண்ட ஒலி கேட்டால் மட்டும் மஸ்டர் பற்றிய பதிலில் சொன்னபடி உடனே கிளம்புங்கள்.

நடுவில் ஏதோ ஓர் ஊரில் இறங்கி, அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா? விசா ஒருமுறை நுழைவுக்கு இருந்தால் போதுமா?

நினைத்தபடி இறங்க முடியாது. முன் அனுமதி வேண்டும், சில இடங்களில் சட்டமே தடுக்கும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் 1886-ஆம் ஆண்டுப் பயணிகள் கப்பல் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும், அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை, தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணத்தை 'ரவுண்ட் ட்ரிப்' என்றும், பருவம் மாறும்போது ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கப்பலை இடம்மாற்றும் ஒருவழிப் பயணத்தை 'ரீபொசிஷனிங்' என்றும் சொல்வார்கள். பின்னதில் விலை குறைவாகத் தெரிந்தாலும் திரும்பி வரும் விமானச் செலவு உங்களுடையது.

விசாவில் ஏமாறுவோர் பலர். இத்தாலியில் ஏறி, துருக்கியைத் தொட்டு, கிரேக்கத்துக்குச் செல்லும் கப்பலில் நீங்கள் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் செல்லக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் உள்ளே நுழைகிறீர்கள். ஷெங்கன் விசா தேவைப்படுவோருக்கு அங்கே பலமுறை நுழைவு அனுமதி வேண்டும். துறைமுகங்களின் வரிசையை எழுதி வைத்துக்கொண்டு, நாடு நாடாகச் சரிபாருங்கள்.

கடைசி இரவு பெட்டியை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். எதையெல்லாம் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்?

இறங்கும் நிகழ்வு 'டிஸெம்பார்கேஷன்'. முந்தைய இரவு வண்ணச் சீட்டுக் கட்டிய பெட்டிகளை அறை வாசலில் வைத்தால், காலையில் துறைமுகக் கூடத்தில் அந்த வண்ணப் பிரிவில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டிகளைத் தாமே தூக்கிச் செல்ல இயல்வோர் 'ஸெல்ஃப் அஸிஸ்ட்' முறையில் முதலில் இறங்கலாம், விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது நல்லது. ஏறும் நாளுக்குக் கைப்பையில் வைத்தவை அனைத்தும் இப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும், மறுநாள் காலைக்கான உடையும் காலணியும் சேர்த்து. இரவு உடையோடு சேவை மேசைக்கு வந்து, பெட்டி எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது இருந்தார்கள். அந்த நேரத்தில் பெட்டிகள் கூண்டுவண்டிகளில் அடுக்கப்பட்டுக் கீழ்த்தளத்துக்குப் போயிருக்கும், எடுத்துத் தர எங்களால் இயலாது.